பத்தாயிரம் பவுண்டு கட்டிவிட்டு வந்த ஓசி

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், "இப்ப வாற ஆக்கள் எல்லாம் பெனிஃபிட் எடுக்கத்தான் வருகினம்" என்றார், அரசாங்க உதவித்தொகையைத்தான் சொன்னார். இதையே ஒரு வெள்ளைக்காரர் சொன்னால் இனவாதம் என்று கொதிக்கிறோம், நம்மவர் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், நானும் அன்றைக்கு அப்படித்தான் நகர்ந்தேன், அந்த எரிச்சலில்தான் இந்தக் கடிதம்.

நான் வேலை விசாவில் வந்தவன். 2024-இல் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மூன்று வருடத்துக்கு விண்ணப்பித்தபோது ஹெல்த் சர்சார்ஜ், அதாவது இங்கே அரசு மருத்துவத்தைப் பயன்படுத்துவதற்காக விசாவோடு வாங்கும் கட்டணம், அது மட்டும் 10,866 பவுண்டு. பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035, பிள்ளைகளுக்கு 776, மூன்று வருடத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டும், விசா கட்டணம் தனி. (மருத்துவமனை, பராமரிப்பு வேலை விசாவில் வருகிறவர்கள் இந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டியதில்லை.) ஊரில் நகையை அடகு வைத்துத்தான் பாதியைத் தேற்றினோம். அப்புறம் மாதாமாதம் வருமான வரி, நேஷனல் இன்சூரன்ஸ் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கும் அதே கணக்கில் எனக்கும் பிடிக்கிறார்கள். ஆனால் விசா நிபந்தனையிலேயே பொது நிதி கிடையாது என்று போட்டிருக்கிறது, அதாவது பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிஃபிட் இல்லை, வேலை போனால் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகை இல்லை, உள்ளாட்சி வாடகைக்குத் தரும் கவுன்சில் வீட்டுக்குப் பெயர் பதியவும் முடியாது. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் காசில்லாமல் படிக்கிறார்கள், ஜிபியை, அதாவது குடும்ப மருத்துவரைப் பார்க்கக் காசு கேட்பதில்லை, அதை மறுக்கவில்லை.

சரி, அவர் சொன்னது எங்களை இல்லை, தஞ்சம் கேட்டு வருகிறவர்களை என்றே வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு வாரத்துக்குக் கிடைப்பது 49 பவுண்டு சொச்சம், சாப்பாடு போடும் ஹோட்டலில் தங்கவைத்தால் பத்து பவுண்டுகூடத் தேறாது. வேலை செய்து பிழைத்துக்கொள்கிறேன் என்றாலும் ஒரு வருடம் காத்திருந்த பிறகுதான் அனுமதி கேட்கவே முடியும், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்குத்தான். 2002 வரை ஆறு மாதம் காத்திருந்தால் போதும், எந்த வேலைக்கும் போகலாம். அந்தப் பெரியவர் தொண்ணூறில் தஞ்சம் கேட்டு வந்தவர், அவரே சொன்னது.

வருகிற வெள்ளியும் அவர் கோயிலுக்கு வருவார். சர்சார்ஜ் கட்டிய ரசீது என் போனில்தான் இருக்கிறது, சாப்பாடு முடிந்ததும் காட்டலாம் என்று இருக்கிறேன்.

ஒரு வாசகர்,
ஈஸ்ட்ஹாம், லண்டன்