சமூகக் காட்டுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

ஐயா,

2006 வன உரிமைச் சட்டம், காட்டைச் சார்ந்து வாழும் கிராம மக்களுக்கு, அவர்கள் வழிவழியாகக் காத்துவரும் சமூகக் காட்டைப் பாதுகாக்கும், நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. உரிமைப் பத்திரம் கிடைத்த கையோடு காட்டின் இன்றைய நிலையைக் குறித்து வைத்தால்தான், பின்னாளில் தேறியதா தேய்ந்ததா என்று பேச முடியும். ‘பச்சையாகத்தானே இருக்கிறது’ என்பதெல்லாம் கணக்கில்லை. அயல் களையான உண்ணிச்செடி மண்டினாலும் பச்சைதான்.

20 மீட்டர் சதுரக் கட்டங்களைத் தேர்ந்து, மூலைகளில் கல் நட வேண்டும். எல்லாம் பாதையோரமாக அமைந்தால் விறகு வெட்டும் இடம் மட்டுமே கணக்கில் வரும். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று, 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து, அங்கேயே பெயின்ட் கோடு போடுங்கள். மறுமுறை நாடா ஒரு சாண் இறங்கினால் வளராத மரமும் பருத்ததாகக் காட்டும். கொடியையும் உரியும் பட்டையையும் விலக்கிவிட்டு அளக்க வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது மரக்கன்றுகளை. பெரிய மரங்கள் நிற்கும்போதே கன்றுகள் அற்றுப்போனால் காடு நலியத் தொடங்கிவிட்டது என்று பொருள். கட்டத்துக்குள் 5 மீட்டர் சதுரத்தில் அவற்றை இனவாரியாக எண்ணுங்கள். புதிதாக வெட்டிய அடிக்கட்டைகளையும் சேர்த்து. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் அளப்பது கட்டாயம். இலையுதிர் காட்டை ஐப்பசியில் பச்சையாக எடுத்த படத்தையும் மாசியில் மொட்டையாக எடுத்த படத்தையும் ஒப்பிட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

பதிவேடு கிராம சபையிடமும், நகல் வனச்சரக அலுவலகத்திலும் இருக்கட்டும்.

- வாசகர், சத்தியமங்கலம்