தடைதாண்டற் பரீட்சையும் சட்டைப்பைக் குறிப்புப் புத்தகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உப்புவெளி, சீனக்குடா, கிண்ணியா, மூதூர் என்று நமது திருகோணமலை மாவட்டத்துப் பொலிஸ் நிலையங்களில் தகுதிகாண் காலத்தில் இருக்கும் தமிழ்பேசும் தம்பிமாரும் தங்கைச்சிமாரும் சேவையில் முன்னேற எழுதவேண்டிய வினைத்திறன்காண் தடைதாண்டற் பரீட்சை என்றதும் முதலில் தேடுவது போட்டோக்கொப்பிக் கட்டைத்தான். யாரோ எப்போதோ எழுதிய நோட்ஸ் பத்துக் கை மாறி, ஓரத்து எழுத்து அழிந்து வந்து சேரும். அதிலுள்ள பிரிவு இலக்கங்களை இராப்பகலாக மனப்பாடம் செய்வார்கள். 'இரவு 9 மணிக்கு ஒருவர் நிலையத்துக்கு வந்து தன் மோட்டார் சைக்கிள் களவு போய்விட்டது என்கிறார்; நீர் செய்வதென்ன?' என்று கேள்வி வந்தால் '367ஆம் பிரிவு' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கூரையைப் பார்ப்பார்கள். புள்ளி போவது அங்கேதான்.

அந்தக் கட்டுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குற்றப் பொறுப்பு வயது 8 என்று இன்னும் படிக்கிறார்கள். 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தத்தோடு தண்டனைச் சட்டக்கோவையின் 75ஆம் பிரிவில் அது 12 ஆகிவிட்டது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்க்கவேண்டும் என்பது 76ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கு 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தை எழுதுகிறார்கள். அதன் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே கையில் எடுக்கும் நோட்ஸ் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். ஆண்டு இல்லாத நோட்ஸை ஒதுக்கி வைப்பது நல்லது. சட்டங்களும் திருத்தங்களும் அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் கிடைக்கின்றன.

ஒரு குற்றத்தைப் படிக்கும்போது இலக்கத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் அதைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவில் களவுக்கு ஐந்து துண்டு: நேர்மையற்ற எண்ணம், அசையும் பொருள், இன்னொருவரின் உடைமையில் அது இருந்தமை, அவர் சம்மதம் இல்லாமை, எடுப்பதற்காகப் பொருளை அசைத்தமை. ஐந்தையும் தனித்தனி வரியாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் 'இதை யார் சொல்வார், எதைக் காட்டலாம்' என்று குறியுங்கள். உடைமை வேறு, உரித்து வேறு என்பதும் அப்போதுதான் விளங்கும். கராஜில் திருத்தக் கொடுத்த மோட்டார் சைக்கிள் களவு போனால் முறைப்பாட்டுக்காரர் யார், உடைமையில் வைத்திருந்தவர் யார் என்று பரீட்சகர் கேட்பதற்குக் காரணம் இதுதான். தண்டனை கூறும் 367 தானாக மனதில் நிற்கும். பிறகு குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் முதலாவது அட்டவணையைத் திறந்து, அந்தக் குற்றத்துக்குப் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாமா, பிணை கொடுக்கத்தக்கதா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று குற்றம் போதும்.

கைது பற்றிய கேள்வியில் நேரம்தான் உயிர். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவின்படி கைது என்பது ஆளைத் தொடுவது அல்லது தடுத்து வைப்பது; ஆள் சொல்லாலோ செயலாலோ தானே ஒப்படைந்தால் தொடவேண்டியதில்லை. எந்தக் குற்றச்சாட்டுக்காக என்பதை அந்த இடத்திலேயே சொல்லவேண்டும். அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை கேட்பதும் இதைத்தான். பெண்ணைச் சோதனையிடுவது பெண்தான், அது அதே சட்டக்கோவையின் 30ஆம் பிரிவு. 37ஆம் பிரிவின் 24 மணித்தியாலம் கைது செய்த கணத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. நிலையத்துக்குள் பதிவு போட்ட நேரத்திலிருந்து எண்ணுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. புல்மோட்டையில் காலை 07.10க்குப் பிடித்து, நிலையப் பதிவு 08.05க்கு இருந்தால், கணக்கு 07.10இலிருந்துதான். நீதவானிடம் கொண்டுபோகத் தேவையான பயண நேரம் மட்டும் கழியும். வழியில் நிறுத்திக் கொத்து ரொட்டி சாப்பிட்ட நேரம் கழியாது.

இனி நான் நீட்டிச் சொல்ல விரும்புவது, கடமையில் கண்டதை எழுதச் சட்டைப்பையில் வைத்திருக்கும் குறிப்புப் புத்தகம். பரீட்சைக்கு இதைவிட நல்ல பாடநூல் இல்லை, ஆனால் அதைப் பாடநூலாக யாரும் பார்ப்பதில்லை. பக்கம் கிழிக்கக்கூடாது, இரு பதிவுக்கு நடுவே வெற்று வரி விடக்கூடாது, பிழை விட்டால் வாசிக்கத்தக்கதாக ஒரு கோடு மட்டும் கிழித்து, மேலே திருத்தி, ஓரத்தில் சிறுகையொப்பம் வைக்கவேண்டும். வெள்ளை மை பூசிய பக்கத்தை எதிரித்தரப்புச் சட்டத்தரணி பார்த்தால் அந்தப் பக்கத்தோடு உங்கள் சாட்சியமும் போயிற்று. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 159ஆம் பிரிவு, சம்பவ நேரத்திலோ அதையடுத்து நினைவு பசுமையாக இருக்கும்போதோ எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பிக்க இடம் தருகிறது. அப்படிப் பார்த்த குறிப்பை எதிர்த்தரப்பும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், அது 161ஆம் பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் குறிப்பு எப்போது, எப்படி எழுதப்படவேண்டும் என்பது விளங்கிவிடும்.

'மாலை சந்தேகநபரைக் கைது செய்தேன்' என்பது குறிப்பு ஆகாது. '18.40 மணி. உப்புவெளி, நிலாவெளி வீதி, பலசரக்குக் கடைக்கு முன்னால். வீதி விளக்கு எரிந்தது. நீல நிறச் சேட் அணிந்த ஆண், என்னைக் கண்டதும் கையிலிருந்த பையைக் கீழே போட்டான். 5 மீற்றர் தூரத்திலிருந்து பார்த்தேன்.' இதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, வெளிச்சம், தூரம், கண்ட செயல் எல்லாம் இருக்கின்றன. 'சந்தேகத்துக்கிடமாக நடந்துகொண்டான்' என்ற சொற்றொடரை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். என்ன செய்தான் என்று எழுதினால் சந்தேகம் நியாயமா என்பதை நீதவான் பார்த்துக்கொள்வார். பரீட்சைக்கு முன் இரண்டு மாதம், கடமை முடிந்து வந்தபின் அன்றைய ஒரு சம்பவத்தை இப்படி ஆறு வரியில் ஒரு கொப்பியில் எழுதிப் பழகினால் போதும். உண்மைப் பெயர்களை அந்தக் கொப்பியில் எழுதவேண்டாம்.

அடுத்தது வாக்குமூலம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி வாய்மொழியாக வரும் தகவலை, சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டவேண்டும். எழுதுபவருக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால் முறைப்பாட்டுக்காரரையே எழுதித் தரும்படி கேட்கவேண்டும். அவராலும் முடியாதபோதுதான், காரணத்தைப் பதிந்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டலாம். இந்த ஒழுங்கைப் பரீட்சைத்தாளில் முழுமையாக எழுதுபவர் மிகச் சிலர். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் மேசையில் இருந்தும் முறைப்பாடு சிங்களத்தில் போவது நம் பக்கத்தில் புதினமில்லை. சாட்சியின் வாக்குமூலம் 110ஆம் பிரிவின்கீழ் வருவது. சத்தியம் செய்விக்கக்கூடாது, சாட்சியைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர்.

மொழியில்தான் நுணுக்கம் கூட. 'விடியப்புறம் வந்தவங்கள்' என்று ஒருவர் சொன்னால் அதை 'அதிகாலை 4 மணி' என்று நீங்களாக மாற்றக்கூடாது. அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதி, அடுத்து உங்கள் கேள்வியை எழுதுங்கள்: 'சுபஹ் பாங்குக்கு முன்னா, பின்னா?' மூதூரிலும் கிண்ணியாவிலும் கடிகாரத்தைவிடப் பாங்கு சரியான நேரம் காட்டும்; கோயில் உள்ள ஊரில் பூசை மணி. மீன்பிடிக்கிறவர் 'வாடைப்பக்கம் ஓடினான்' என்றால் அதையும் எழுதி, கையால் காட்டச் சொல்லித் திசையைக் கேள்வி பதிலாகச் சேர்க்கவேண்டும். 'வெட்ட வந்தவர்' என்பதும் 'வெட்டினவர்' என்பதும் ஒரு சொல் வித்தியாசம் போலத் தெரியும், குற்றச்சாட்டில் அது வானமும் பூமியும். கடைசி வரிக்கு அடியிலேயே கையொப்பம் வாங்குங்கள். இடைவெளி விட்டு வாங்கினால், பிறகு சேர்த்தது என்று சொல்ல இடம் கொடுத்தவர் நீங்கள்தான்.

குற்ற ஒப்புதலில் தவறாதவர் குறைவு. பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த ஒப்புதலை எதிரிக்கு (குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு) எதிராக எண்பிக்க முடியாது, அது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. ஆனால் 27ஆம் பிரிவின்கீழ், சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புபட்ட பகுதி மட்டும் சான்றாக உள்ளே வரும். 'நான் களவெடுத்த சைக்கிளைக் கன்னியாப் பக்கம் பற்றைக்குள் ஒளிச்சு வைச்சிருக்கிறன், காட்டலாம்' என்றால் 'களவெடுத்த' என்ற சொல் நிற்காது. ஒளித்து வைத்ததும் இடம் காட்டலாம் என்பதும் நிற்கும். இதைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேள்வி வந்தால் வாக்கியத்தை எழுதி, நிற்காத சொல்லுக்கு அடிக்கோடிட்டு விளக்குங்கள். நடைமுறையில் கெடுவது இன்னொரு இடத்தில்: பொருளை முதலில் எடுத்துவிட்டு, நிலையத்தில் வந்து வாக்குமூலத்தை எழுதுவது. வாக்குமூலம் முடிந்த நேரமும் நிலையத்திலிருந்து புறப்பட்ட நேரமும் முறை மாறியிருந்தால் 27 வெறும் இலக்கம்தான். அடித்து வாங்கிய ஒப்புதல் பற்றி ஒரு வரி: 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கெதிரான சமவாயச் சட்டத்தின்கீழ் தண்டனை 7 வருடத்துக்குக் குறையாது, 10 வருடத்துக்கு மேற்படாது. 'கடமைக்காகச் செய்தேன்' என்று சொல்லித் தப்ப அதில் வழியில்லை.

சான்றுப்பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சங்கிலி அறக்கூடாது. போதைப்பொருள் என்றால் சந்தேகநபர் பார்க்க நிறுத்து, பொதியோடு எத்தனை, பொதியில்லாமல் எத்தனை என இரண்டு நிறையையும் எழுதவேண்டும். ஹெரோயினுக்கு 2 கிராம் என்ற எல்லையில் தண்டனையே மாறுகிறது. உறையில் இட்டு முத்திரை வைத்து, சந்தேகநபரின் பெருவிரல் அடையாளம் எடுத்து, சான்றுப்பொருளுக்குரிய பதிவு இலக்கமான பி.ஆர். இலக்கத்தோடு, நிலையத்தில் அப்போது கடமையிலிருக்கும் ரிசேவ் உத்தியோகத்தரிடம் ஒப்படைத்து, நேரமும் கையொப்பமும் பெறவேண்டும். 'காலையில் கொடுக்கலாம்' என்று சொந்த அலுமாரியில் ஓர் இரவு வைத்த பொதியைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் ஒரு மணித்தியாலம் கேட்பார்கள்.

விபத்து, குற்ற இட வரைபடத்துக்கு வடக்கு அம்புக்குறியும் 'அளவுத்திட்டத்துக்கு அமைய வரையப்படவில்லை' என்ற குறிப்பும் வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் அசையாத இரண்டு இடத்திலிருந்து அளவுங்கள்: மின்கம்பம், மதகு, சுவர் மூலை. நிறுத்தியிருந்த ஓட்டோவிலிருந்து அளந்த வரைபடம் ஓட்டோ போனதும் பயனற்றது. நீங்கள் கண்டதையும் சாட்சி காட்டியதையும் வேறு எழுத்தால் குறியுங்கள். காட்டியவர் பெயரையும் எழுதுங்கள்.

இவ்வளவையும் தனியே இருந்து வாசித்தால் தூக்கம்தான் வரும். நீங்கள் தங்கும் பரக்கில் மூன்று பேர் சேருங்கள். ஒருவர் முறைப்பாட்டுக்காரர், ஒருவர் எழுதுபவர், மூன்றாமவர் எதிரித்தரப்புச் சட்டத்தரணி. 40 நிமிடத்தில் ஒரு வட்டம் முடியும். வாரத்தில் மூன்று வட்டம், இடம் மாறி மாறி. கடமை இல்லாத வார நாட்களில் இரண்டு காலை நீதவான் நீதிமன்றத்தில் பின் வாங்கில் இருந்து குறுக்கு விசாரணையைக் கேளுங்கள். பழைய வினாத்தாளைச் செய்யும்போது மொத்த நிமிடத்தைக் கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்து, வாசிக்கவென ஒவ்வொன்றிலும் 3 நிமிடம் கழியுங்கள். மீதிக்குள் எழுத முடிகிறதா என்று மணிக்கூடு வைத்துப் பாருங்கள். முதல் கேள்வியில் ஊறிப்போய்க் கடைசிக் கேள்வியைத் தொடாதவர்தான் அதிகம்.

நேர்முகத்தில் இலக்கத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் செய்யும் காரியம், அடுத்து எழுதும் பதிவு, அறிவிக்கும் மேலதிகாரி, பிறகு பிரிவு. இலக்கம் மறந்துபோனால் 'சேர், சட்டக்கோவையைப் பார்த்து உறுதிப்படுத்துவேன்' என்பது பிழையான இலக்கத்தை உரத்துச் சொல்வதைவிட மேல்.

தங்கள் பத்திரிகை மூலம் ஒரு வேண்டுகோள். நமது பொது நூலகத்தில் தண்டனைச் சட்டக்கோவை, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, சான்றுக் கட்டளைச் சட்டம் மூன்றின் தமிழ்ப் பிரதியையும், 1979க்குப் பின் வந்த திருத்தங்களை ஆண்டு வரிசையில் கட்டிய ஒரு கோவையையும் உசாத்துணைத் தட்டில் வைத்தால் நல்லது. அச்சுக்கூலி பெரிய தொகையாகாது. இரவுக் கடமை முடிந்து வரும் பிள்ளைகளுக்கு வசதியாக அந்தத் தட்டு காலை 8 மணிக்கே திறந்திருந்தால் இன்னும் நல்லது.

இங்ஙனம்,
ஓய்வுநிலைச் சட்டப் பாடப் பயிற்றுநர்,
உப்புவெளி, திருகோணமலை.