அப்பாவுக்கு ஓட்டு எங்கே?

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மேலத் தெரு வீட்டைப் பற்றிப் பெரியப்பா உன்னிடம் பேசியிருப்பார். அதை நான் எழுதப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா போனில் வகுப்புத் தலைவர் தேர்தல் கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். "அது ரகசியம் ஆச்சி" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த மூச்சில், "அப்பாவுக்கு ஓட்டு எங்கே ஆச்சி? இங்கேயும் இல்லை, அங்கேயும் போட வரவில்லையே?" என்று கேட்டாள். "ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது" என்று பின்னாலிருந்து நீ சொன்னது என் காதில் விழுந்தது. பிள்ளை முன்னால் அப்படிச் சொல்லலாமா?

ராதாபுரத்துக்காரர்களைக் கேள், சொல்வார்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் அந்தத் தொகுதியில் 49 ஓட்டுதான் வித்தியாசம். தபால் ஓட்டுகளைத் தள்ளியது சரியா என்று வழக்கு நடந்து, 2019-இல் மறுபடி எண்ணச் சொன்னது உயர் நீதிமன்றம். தபாலில் போடுகிறவர்களில் பலர் என்னைப் போலத் தேர்தல் வேலைக்குப் போகிறவர்கள். நீ இருக்கும் கர்நாடகத்திலேயே 2004-இல் சந்தேமரஹள்ளித் தொகுதியில் ஒரே ஓர் ஓட்டில் ஒருவர் தோற்றார்.

எத்தனை தேர்தலில் மை வைத்திருக்கிறேன்! நடவு வயலிலிருந்து நேரே வந்த ஒரு பாட்டிக்கு இடது ஆட்காட்டி விரலில் சேறு காய்ந்திருந்தது. மை பிடிக்காதே என்று துணியால் அழுத்தித் துடைத்தேன். நகத்தின் மேல் கோடு இழுத்து முடிக்கும்வரை கையை அசைக்கவில்லை. அன்று அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவள். உனக்கு விடுமுறையே கொடுக்கிறார்கள்.

மானூர்க் கோயில் கல்வெட்டைப் பாப்பாவுக்குச் சொன்னாயா? ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்பே, ஊர்ச் சபையில் எதற்கெடுத்தாலும் மறுத்துக் குறுக்கே நிற்பவனுக்கு 5 காசு தண்டம் என்று நம் திருநெல்வேலிப் பக்கத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதோடு நிறுத்திவிடாதே. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபை அது. அவளுடைய ஆச்சிக்கோ அம்மாவுக்கோ அங்கே இடமில்லை என்பதையும் சொல். இன்றைக்கு 18 வயது நிரம்பினால் யாருக்கும் ஓட்டு உண்டு. 1989-க்கு முன்பு 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போன தசரா விடுமுறையில் அக்டோபர் 2 கிராம சபைக்கு அவளைக் கூட்டிப் போனேன். கீழத் தெருக் குழாயில் தண்ணீர் வராததை நான் எழுந்து கேட்டபோது என் சேலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "எங்கள் தெருக் குப்பையை யாரிடம் கேட்பது?" என்று கேட்டாள். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

போன வாரம் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வாக்காளர் பட்டியலோடு வந்தார். நம் பழைய மாணவன்தான். உன் பெயரில் பேனாவை வைத்துக்கொண்டு, "டீச்சர், அண்ணன் திரும்பி வருவார்களா, அங்கேயே இருந்துவிடுவார்களா?" என்று கேட்டான். அப்பா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். நான் காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனேன். என்ன பதில் சொல்ல? நீ எங்களிடம் சொல்லியிருந்தால்தானே?

ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் பெயர் இருக்கலாம். குடியிருக்கிற ஊரில்தான் இருக்க வேண்டும். பெயரை இடம் மாற்றக் கேட்கும் படிவம் 8-ஐ நீ கொடுத்தால் அங்கே சேரும், இங்கே நீங்கும். அப்பா பெயருக்குக் கீழே உன் பெயரைப் பார்த்தே பழகிவிட்டது எனக்கு. ஆனாலும் சொல்கிறேன், அங்கேதான் இருப்பது என்றால் மாற்றிவிடு. ஓட்டுப் போடாத பெயர் இங்கே கிடந்து என்ன பயன்? மாற்றிவிட்டு, தேர்தல் அன்று சாவடி வாசல்வரை பாப்பாவைக் கூட்டிப் போ. சீக்கிரமே திரும்பி வருகிற எண்ணம் இருந்தால் மட்டும் மாற்றாதே.

அந்தப் பையன் திங்கட்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்கு முன் போன் செய். அப்பா எடுத்தால் அவரிடமே சொல்லிவிடு.

அம்மா