வீட்டுக்குப் போக விடுங்கள்

குழந்தைகள் பாதுகாப்புத் துறையின் மேலதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாத ஆய்வுக் கூட்டத்தில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு குழந்தையின் குடும்ப நிலையையும் விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கைகளில் நிலுவையில் கிடப்பவற்றை மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும், வண்டி கிடைக்காத நாளில் பெற்றோரைப் போனில் கூப்பிட்டு விசாரித்து எழுதிக்கொள்ளலாம் என்றீர்கள். உத்தரவாக எதுவும் வரவில்லை, வாய்வார்த்தைதான். ஆனால் மறுநாளே எங்கள் மேசைக்குப் பெயரும் செல்போன் எண்ணுமாக ஒரு பட்டியல் வந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த மடலை எழுத நினைத்துத் தள்ளிப்போட்டேன். தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒரு சமூகப் பணியாளருக்கு இதை எழுதப் பயமாக இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. இனியும் தள்ளிப்போட முடியவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எங்களை வீட்டுக்குப் போக விடுங்கள்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பதால் ஊரைச் சொல்லவில்லை, சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்திருந்த பெண் பிள்ளை, எட்டாம் வகுப்பு. யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லி, பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக்குழு முன் வந்து, குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கப்பட்டாள். "அம்மா திட்டினாங்க, அதான் வந்துட்டேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவோ நலக்குழு வாசலில் அழுதுகொண்டு நின்றார். பிறகு போனிலும் பேசினேன். சொந்த வீடு, ரேஷன் கார்டு இருக்கிறது, மில்லில் வேலை பார்க்கிறேன், பிள்ளையை அனுப்பிவிடுங்கள் மேடம் என்றார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை வைத்தே படிவத்தை நிரப்பியிருந்தால் 'குடும்பத்துடன் சேர்த்து வைக்கலாம்' என்றுதான் பரிந்துரை எழுதியிருப்பேன்.

இரண்டு பஸ் மாறி, அப்புறம் கொஞ்ச தூரம் நடந்து அந்த வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, ஒரே அறை, மண் தரை. பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அம்மா காபி போடத் திரும்பினார். அப்போதுதான் அந்த அம்மிக்கல்லைப் பார்த்தேன். அம்மி அடுப்புப் பக்கம் கிடக்கும், இல்லையென்றால் கொல்லையில் கிடக்கும். இது வாசல் கதவுக்குப் பக்கத்தில் சுவரோரம் கிடந்தது. அங்கிருந்து கதவு வரை தரையில் இழுத்த தடம். ஒரு நாள் இழுத்த தடமில்லை, பள்ளமாகவே விழுந்திருந்தது. கதவின் உட்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன. என்னை ஒட்டி உட்கார்ந்திருந்த தம்பிக்கு ஆறு வயது இருக்கும். "அம்மி ஏன்டா இங்க கிடக்கு?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அம்மா நைட் ஷிப்ட் போனா அக்கா இதத்தான் கதவுக்கு முட்டுக் குடுக்கும்" என்றான்.

யாருக்குப் பயந்து என்பதை நலக்குழுவுக்கு எழுதினேன், இங்கே வேண்டாம். அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கையில் டம்ளரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் பரிந்துரை மாறியது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்கும் பதிவானது.

அம்மி எங்கே கிடக்கிறது என்று போனில் யார் கேட்பார்கள்? கேட்டாலும் அந்தத் தாய் என்ன சொல்லியிருப்பார்?

15 நாள் கெடு எனக்கும் தெரியும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, சமூக விசாரணையை 15 நாளில் முடிக்கச் சொல்கிறது. நான்கு மாதத்துக்குள் நலக்குழு இறுதி ஆணை போட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கெடு. ஒரு குழந்தை காரணமில்லாமல் இல்லத்தில் மாதக்கணக்கில் இருக்கக்கூடாது என்ற அந்த அக்கறையை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளில் இந்த அறிக்கைக்கென்று உள்ள 22-ஆம் படிவம் வீட்டின் வாழ்நிலையையும் அக்கம்பக்கத்தையும் பற்றிக் கேட்கிறது. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து அதற்கு நான் என்ன பதில் எழுதுவது? ஒரு மாவட்டம் முழுவதற்கும் சமூகப் பணியாளர் இரண்டு பேர், புறத்தொடர்புப் பணியாளர் இரண்டு பேர். எங்கள் மாவட்டத்தில் அதிலும் ஓரிடம் காலி. மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு மனுப் போட்ட குடும்பங்களையும் நாங்கள்தான் பார்க்க வேண்டும். இதற்கு நடுவில் விழிப்புணர்வுக் கூட்டத்துப் போட்டோக்களை போர்ட்டலில் ஏற்றுவதற்கே வாரத்தில் ஒரு நாள் போய்விடுகிறது. நேரம் போதவில்லை என்றால் அந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகும் நாளில் கை வைக்காதீர்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஐந்து வருடம் ஒரு மருத்துவமனையில் இருந்தேன். தீக்காய வார்டில், மாமியார் பக்கத்தில் நிற்கும்போது "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்றுதான் அந்தப் பெண் சொல்வாள். மாமியாரை மருந்துச் சீட்டோடு கீழே அனுப்பிவிட்டு, கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதுவும் கேட்காமல் உட்காரத் தெரிய வேண்டும். மனநலம் பாதித்த அண்ணனை அறையில் பூட்டி வைத்திருக்கும் வீட்டில் முதல் மூன்று தடவை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வரத் தெரிய வேண்டும். நாலாவது தடவை அவர்களே பூட்டைத் திறப்பார்கள். குழந்தைத் திருமணத்தை நிறுத்த முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி போலீசோடு பந்தலுக்குள் போகும்போது, பெண்ணின் அப்பாவைச் சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிய விடாமல் தனியே கூப்பிட்டுப் பேசத் தெரிய வேண்டும். அவர் வீம்புக்கு நின்றால் அடுத்த வாரம் வேறு ஊர்க் கோயிலில் தாலி கட்டிவிடுவார்கள். பந்தலில் பேசும் பேச்சு வார்டில் உதவாது, வார்டில் காத்திருப்பதுபோல் பந்தலில் காத்திருக்க முடியாது. இதையெல்லாம் நான் வகுப்பறையில் படித்ததைவிட, களப்பணிக்குப் போன இடங்களில் திட்டு வாங்கிக் கற்றதுதான் அதிகம்.

இந்த இடத்தில் கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் சமூகப் பணிக்கென்று முதல் கல்லூரி மும்பையில் 1936-இல் வந்தது. சென்னையில் 1952-இல் வந்தது. இத்தனை வருடம் ஆகியும், டாக்டருக்கும் நர்சுக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல், சமூகப் பணி முழுவதற்குமாகச் சட்டப்படி ஒரு கவுன்சில் இல்லை. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களைப் பட்டியலில் சேர்த்தது. நல்லதுதான். குழந்தைகளோடும் ஊரோடும் வேலை செய்கிற எங்களை யார் சேர்ப்பார்கள்? ஸ்டெதாஸ்கோப்பைப் போன் வழியாக வைத்துப் பார் என்று எந்த டாக்டரிடமும் யாரும் சொல்வதில்லை. எங்கள் வேலைக்கும் ஒரு முறை இருக்கிறது, அதற்கும் படிப்பும் பழக்கமும் வேண்டும் என்று நம்பியிருந்தால் அந்தச் செல்போன் பட்டியல் எங்கள் மேசைக்கு வந்திருக்காது.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

போனில் விசாரிக்கலாம் என்ற அந்த வாய்மொழி அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வண்டியை வீட்டு விசாரணைக்கென்று ஒதுக்குங்கள். வண்டி இல்லாத நாளில் நாங்கள் பஸ்சில் போய்க்கொள்கிறோம், டிக்கெட்டைக் கொடுத்தால் பயணப்படியை அந்த மாதமே தாருங்கள். எட்டு மாதப் பயணப்படி எனக்கு நிலுவை. நான் சமாளித்துக்கொள்வேன். ஆனால் புதிதாகச் சேர்ந்திருக்கும் புறத்தொடர்புப் பணியாளர் தம்பி சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவர். சொந்தக் காசில் எத்தனை வீட்டுக்குப் போவார்?

பட்டியலில் என் பெயருக்கு நேரே 11 குழந்தைகள் இருந்தார்கள். ஏழு வீடுகளுக்குப் போய் வந்துவிட்டேன். மீதி நான்கில் இரண்டு மலைமேல், பஸ் போகாது. அந்த நான்கு அறிக்கைகளையும் போனில் கேட்டு நான் எழுத மாட்டேன். கெடு வருகிற வியாழக்கிழமையோடு முடிகிறது. புதன்கிழமை ஒரு நாள் மட்டும் வண்டி தந்தால் போதும், நாலையும் பார்த்துவிட்டு அன்று ராத்திரியே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒன்றில் பணியாற்றும்
ஒரு சமூகப் பணியாளர்