மூன்றாவது சனிக்கிழமை

மதுரை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சமைக்கும்போதும், உன்னிடம் ஆலோசனைக்கு வரும் அந்தப் பையனின் குரல் காதிலேயே நிற்கிறது, யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். ஆறு மாதத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் இருந்தேன். மருத்துவ உளவியலில் எம்.ஃபில். படித்த இரண்டு ஆண்டுகளும் ஒவ்வொரு அமர்வையும் வழிகாட்டியிடம் ஒப்பித்தோம். வேலைக்கு வந்தபின் நான் இருந்த மருத்துவமனையில் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்த்தாய் என்றுதான் கேட்டார்களே தவிர, எப்படிப் பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது ஒரு சகபணியாளர் மேற்பார்வைக் குழுவில், அதாவது நம்மிடம் வருபவர்களோடு நாம் செய்யும் வேலையை ஒருவர்க்கொருவர் பேசிப் பார்க்கும் குழுவில், சேர்ந்திருக்கிறேன். உளவியலாளர்கள், ஒரு மனநலச் சமூகப் பணியாளர், ஒரு பள்ளி ஆலோசகர் என்று எழுவர், மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் கூடுகிறோம். தலைவர் கிடையாது, நடத்தும் பொறுப்பு முறை வைத்து மாறும். 1950களில் லண்டனில் டேவிஸ்டாக் மருத்துவமனையில் மைக்கேல் பாலிண்டும் அவர் மனைவி ஈனிடும் பொது மருத்துவர்களோடு நடத்திய குழுக்களிலிருந்து வளர்ந்த பாலிண்ட் குழுக்களில் பிற்காலத்தில் வந்த வழக்கம் ஒன்றை நாங்களும் எடுத்துக்கொண்டோம். பேச வந்தவர் குறிப்பேடு இல்லாமல் சொல்லி முடித்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மற்றவர்கள் பேசுவதை மறுமொழி சொல்லாமல் கேட்க வேண்டும்.

அந்த நாற்காலியில் நான் முதன்முறை உட்கார்ந்த மாலையைச் சொல்கிறேன். மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு தாயைப் பற்றிப் பேசினேன். ஐம்பது நிமிட அமர்வு ஒவ்வொரு வாரமும் எண்பது நிமிடமாக நீள்வதைப் போகிறபோக்கில் சொன்னேன். அவர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அந்தம்மா எழுந்து போனால் என்ன நடக்கும் என்று இவர் அஞ்சுகிறார் என ஒருவர் கேட்டபோது எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அவரும் உயிரை மாய்த்துக்கொள்வாரோ என்று அஞ்சியிருந்திருக்கிறேன். ஆனால் அதை அவரிடம் ஒருமுறைகூட நேராகக் கேட்டதில்லை. கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவள் நான்! மறுநாளே அவரை வரவழைத்துக் கேட்டேன். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து பரணில் இருப்பதாகவும், அடிக்கடி அதை நிமிர்ந்து பார்ப்பதாகவும் சொன்னார். அவர் சம்மதத்தோடு அவருடைய தம்பி அன்று மாலையே அதை அப்புறப்படுத்தினார். மனநல மருத்துவரையும் அந்த வாரமே பார்த்தார்.

இரகசியம் காப்பது பற்றிக் கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியத்தை மனநோயுற்றவரின் உரிமையாகவே வைத்திருக்கிறது. குழுவில் ஆலோசிப்பதற்கு எங்களிடம் வருபவர்களிடம் முன்பே ஒப்புதல் வாங்குகிறோம். பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றுகிறோம். வாட்ஸ்அப்பில் எவரைப் பற்றியும் ஒரு சொல்லும் எழுதுவதில்லை. நம் ஊர்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால், ஆளை அடையாளம் கண்டுகொண்ட உறுப்பினர் உடனே எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. சமமானவர்கள் கூடும்போது ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தே மாலை கழிந்துவிடும். இரண்டு கூட்டங்கள் அப்படித்தான் வீணாயின. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து மூத்த உளவியலாளர் ஒருவரை அழைக்கிறோம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் சனிக்கிழமை வரை காத்திருப்பதும் கிடையாது. பிரிட்டனின் ஆலோசகர் சங்கமான பி.ஏ.சி.பி., பணியில் உள்ள தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்கள் மாதத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் மேற்பார்வை பெற வேண்டும் என்கிறது. நமக்கும் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

குழுவில் ஓர் இடம் இருக்கிறது. விருதுநகரிலிருந்து நாலு மணிக்குப் பேருந்து ஏறினால் போதும். முதல் இரண்டு கூட்டங்களில் நீ எதுவும் பேச வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்தப் பையனைப் பற்றிப் பேசலாமா என்று அவனிடமும் அவன் பெற்றோரிடமும் இந்த வாரமே கேட்டு வை. இரவு என் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் தோழி