உரிமம் தரும்போது உள்ள கண்டிப்பு, கழிக்கும்போதும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கதிர்வீச்சுக் கருவிகளுக்கு உரிமம் வழங்கும் முறை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கருவியை வாங்கி நிறுவுவதோடு நின்றுவிட்டது. பொதுமக்களைப் பலிகொண்ட பெரிய விபத்துகள் பலவும் அதற்குப் பின்னால், கருவி பயன்படாமல் மூலையில் கிடந்த காலத்தில் தொடங்கியவை.

எக்ஸ்ரே, சி.டி. கருவிகளில் கதிரியக்கப் பொருள் கிடையாது. மின்சாரத்தை நிறுத்தினால் கதிர்வீச்சும் நின்றுவிடும். கோபால்ட்-60, சீசியம்-137, இரிடியம்-192 போன்ற கதிரியக்கப் பொருட்களை அடைத்த கருவிகள் வேறு வகை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கோபால்ட் இயந்திரம், கொதிகலன் வெல்டிங்கைப் படமெடுக்கும் ரேடியோகிராபி கேமரா, ஆலைத் தொட்டியின் மட்டத்தை அளக்கும் கேஜ், ஆய்வகத்தில் பொருட்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தும் காமா செல் இவற்றில் உள்ள மூலத்தை, அதாவது கதிர்வீச்சை உமிழும் பொருளை, அணைக்க எந்த சுவிட்சும் இல்லை.

2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்ததை மறக்க முடியாது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1960களின் இறுதியில் வாங்கிய காமா செல், 1985க்குப் பிறகு பயன்படவே இல்லை. 2010 பிப்ரவரியில் மற்றப் பழைய பொருட்களோடு ஏலம் போனது. காயலான் கடையில் ஈயத்துக்காக அதை உடைத்தபோது உள்ளிருந்த கோபால்ட் வெளியே வந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். கோபால்ட்-60இன் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், 5.27 ஆண்டுகள். 40 ஆண்டுகளில் அதன் வீரியம் ஏறக்குறைய 200இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். மிஞ்சிய அந்தப் பங்கே ஓர் உயிரை எடுத்தது. ‘ரொம்பப் பழசு, இதில் இனி என்ன இருக்கப்போகிறது’ என்று யாரும் நினைக்கக் கூடாது.

அப்போதும் விதிகள் இருந்தன. அணுசக்தி கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் 2004இல் வந்தவை. பயன்பாடு முடிந்த மூலத்தை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியோடு, உரிய கவசப் பெட்டியில் வைத்து, விற்றவருக்கோ அங்கீகாரம் பெற்ற கழிவு மேலாண்மை நிலையத்துக்கோ அனுப்ப வேண்டும். ஆனால் கருவியை ஏலம் விடுவது கண்டம் செய்யும் குழு, அதாவது பயன்படாத பொருட்களைக் கழிக்க முடிவு செய்யும் குழு. இருப்புப் பதிவேட்டில் கருவியின் பெயர் மட்டும் இருந்தால், உள்ளே கோபால்ட் இருப்பது அந்தக் குழுவுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.

ஆகவே, கண்டம் செய்யும் படிவத்திலேயே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரின் சான்று கட்டாயமாக வேண்டும். அந்தச் சான்று கதிர்வீச்சு மீட்டரின் அளவை மட்டும் நம்பிக் கொடுப்பதாக இருக்கக் கூடாது. ஈயக் கவசத்துக்கு வெளியே மீட்டர் குறைவாகக் காட்டினால் கவசம் நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். உள்ளே மூலம் இல்லை என்று ஆகிவிடாது. மூலத்தை எடுத்து அனுப்பிய தேதி, அதன் வரிசை எண், பெற்றுக்கொண்டவரின் ரசீது, இந்த மூன்றும் கோப்பில் இருந்தால்தான் கையெழுத்திட வேண்டும். அலுவலர் பணியிடம் காலியாக இருந்தால் ஏலத்தை நிறுத்தி வைப்பதே சரி.

நிறுவனம் இடம் மாறும்போதும் இதே ஆபத்துதான். பிரேசிலின் கோயானியா நகரில் ஒரு தனியார் சிகிச்சை நிலையம் இடம் மாறியபோது சீசியம் இயந்திரத்தை அதிகாரிகளுக்குச் சொல்லாமல் பழைய கட்டடத்திலேயே விட்டுப் போனது. 1987இல் அதைப் பழைய உலோகத்துக்காக எடுத்துப் போய் உடைத்தார்கள். உள்ளே இருந்தது தண்ணீரில் கரையும் சீசியம் குளோரைடு தூள் என்பதால் வீடு வீடாகப் பரவியது. 249 பேர் மாசுபட்டனர், 4 பேர் இறந்தனர். திருப்பி அனுப்பும் செலவுக்கு வாங்கும்போதே வைப்புத்தொகை பெற்றுக்கொண்டால், கைவிட்டுப் போகும் எண்ணம் குறையும்.

கருவி உடைபடாமல் உருக்காலை உலைக்குப் போனாலும் ஆபத்து தீராது. கோபால்ட் எஃகோடு கலந்துவிடும். சீசியம் ஆவியாகி உலைத் தூசியில் சேரும். இந்தியாவிலிருந்து போன எஃகில் செய்த லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 இருந்ததை 2008இல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். உருக்காலை வாசலில் கதிர்வீச்சு உணரி இருந்தால் லாரி உள்ளே நுழையும்போதே தெரியும். அந்தச் செலவைத் தாங்க முடியாத சிறிய காயலான் கடைகளுக்கு இவற்றையாவது சொல்லிக்கொடுக்க வேண்டும்: அளவுக்குப் பொருந்தாத கனம், கனத்த ஈய உறை, கதிர்வீச்சு எச்சரிக்கையான மூவிதழ்ச் சின்னம் இவற்றில் எதைக் கண்டாலும் கட்டர் வைக்கக் கூடாது. சின்னம் பெயின்ட்டில் மறைந்திருக்கலாம். தொடாமல் விலகி, 112க்கு அழைக்க வேண்டும். 1 மீட்டர் தூரத்தில் இருக்கும் தாக்கத்தில் 25இல் ஒரு பங்குதான் 5 மீட்டர் தூரத்தில் இருக்கும்.

தமிழக உயர்கல்வித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் அடுத்த ஏல அறிவிப்புகளுக்கு முன்பே கல்லூரிகள், மருத்துவமனைகளின் பழைய கருவி அறைகளை ஒருமுறை திறந்து, வரிசை எண்ணோடு சரிபார்க்க உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி.