மஞ்சள் பைக்குள் இருக்கும் காகிதங்களுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

பெரியோர்களே, தாய்மார்களே, பிழைப்புக்காகச் சென்னைக்கும் மும்பைக்கும் சென்றிருக்கும் அண்ணாச்சிகளே,

சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம், கடையம் வரை பல வீடுகளில் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. உள்ளே ஸ்கேன் படம், பயாப்சி முடிவு, கீமோ ஏற்றிய தேதிச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி. ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் பை இறங்குவதில்லை. எறியவும் மனம் வராது, பிரித்துப் பார்க்கவும் மனம் வராது. அந்தப் பைகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் சிகிச்சை விவரங்களைப் புற்றுநோய் ஆய்வுக்காகத் தொகுக்கத்தான் உங்களிடம் பணம் கேட்கிறோம்.

நம் பக்கத்துப் புற்றுநோயாளி ஓர் ஊரில் சிகிச்சை பெறுவதில்லை. நோய் தெரிவது பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் மருத்துவமனையில் என்றால், அறுவை மதுரையில் நடக்கும். கரண்ட் வைப்பதற்கு, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, திருவனந்தபுரம் போவார்கள். கையில் கொஞ்சம் காசும் சென்னையில் ஒரு சொந்தக்காரரும் இருந்தால் அடையாறு புற்றுநோய் நிலையம். ஒவ்வோர் இடத்திலும் அவரவர் செய்தது மட்டும் ஏட்டில் இருக்கிறது. ஊருக்குப் பஸ் ஏறிய பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்பது எந்த ஏட்டிலும் இல்லாமல் போகிறது. மருத்துவமனைக் கணக்கில் அவர் 'தொடர்பு விட்டுப்போனவர்'. எதிர்வீட்டு ஆச்சிக்கோ, எந்த மாதம் அவருக்குச் சோறு இறங்காமல் போனது என்பது வரை தெரியும்.

ஆய்வுக்குத் தேவைப்படுவது அந்த ஆச்சிக்குத் தெரிந்த பாதியும்தான். புது மருந்தைச் சோதிக்கும்போது பெரும்பாலும் திடமான நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வயது அதிகம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, இரத்தக்குறைவு என்றால் பலரைச் சேர்ப்பதில்லை. முக்கூடல் பக்கம் நாற்பது வருடம் பீடி சுற்றிய, சர்க்கரையும் இரத்தசோகையும் உள்ள பெரியம்மாவை எந்தச் சோதனையில் சேர்ப்பார்கள்? அவருக்கு அந்த மருந்து எப்படி ஒத்துக்கொண்டது என்பதற்கு அவருடைய பைதான் சாட்சி. இத்தகைய சாட்சியை மேல்நாட்டிலும் மதிக்கிறார்கள். மார்பகப் புற்று ஆண்களுக்கு மிக அரிதாகவே வரும், தனிச் சோதனை நடத்த ஆள் சேர்ப்பது கடினம். அதனால் 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பால்போசிக்லிப் என்ற மருந்தை ஆண்களுக்கும் அனுமதித்தபோது, வழக்கமான சிகிச்சையின்போது சேர்ந்த நோயாளிப் பதிவுகளையே முக்கியமாக ஆதாரமாகக் கொண்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஐ.எம். ஓர் என்ற மருத்துவர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933இலேயே 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். அவர் கையிலிருந்தது தம்மிடம் வந்த நோயாளிகளும் அவர்களைப் பற்றிய குறிப்புகளும்தான். புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அறுதியிட்டது 1985இல். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே போதும் என்ற முடிவு வெளிவந்தது 2004இல். நமக்கு எட்டிப்பார்க்கும் தூரத்தில் எழுதப்பட்ட ஒன்றை உலகம் ஒப்புக்கொள்ள ஐம்பது வருடம் ஆயிற்று.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய கருப்பைவாய்ப் புற்றுச் சோதனையைச் செவிலியர்கள் செய்தார்கள். சோதனை செய்த பகுதிகளில் அந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் முடிவு வந்தது. யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்க அதே மாவட்டத்து அம்பிளிக்கையில் ஒரு புற்றுநோய்ப் பதிவேடு இருந்தது. இல்லாவிட்டால் அந்த 35 யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

சென்னையில் 1982 முதல் அடையாறு நிலையத்தின் பதிவேடு நடக்கிறது, மாநில அளவிலும் பதிவு நடக்கிறது. அவர்களோடு நாங்கள் போட்டி போடவில்லை. நோய் வந்தவர்களை அவர்கள் எண்ணுகிறார்கள். வந்த பிறகு நடந்த சிகிச்சைக் கதையை வரிசைப்படுத்துவதே எங்கள் வேலை.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. திருவனந்தபுரம் போனவர்கள் அதிக நாள் இருந்தார்கள் என்று காகிதம் சொன்னால், உடனே அந்தச் சிகிச்சையே உயர்ந்தது என்று எழுதிவிடக் கூடாது. அவ்வளவு தூரம் பயணம் போகத் தெம்பும் பணமும் உள்ளவர்கள்தானே போயிருப்பார்கள்? ஆகவே நோயின் கட்டம், வயது, வேறு வியாதிகள், தொழில், சிகிச்சை நடுவில் நின்றதா, ஏன் நின்றது என்று எல்லாம் கேட்டு எழுதுகிறோம். 'வண்டிக்குப் பணம் இல்லை' என்பதும் எங்களுக்கு ஒரு தகவல்.

பெயர் வெளியே போகுமோ என்ற பயம் நியாயமானது. 'அந்த வியாதி' என்றுதானே இன்னும் பேசுகிறோம், வீட்டில் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று கவலைப்படுகிறோம். முதல் ஆறு மாதம் நாங்களும் பெயரோடுதான் நோட்டில் எழுதினோம். குழுவில் உள்ள மருத்துவர் ஒருவர் கடிந்துகொண்டார். அந்த நோட்டை எரித்துவிட்டு, எழுத்து மூலம் சம்மதம் பெற்று, எண் கொடுத்து மீண்டும் தொடங்கினோம். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் தனியாகப் பூட்டில் இருக்கிறது. மருத்துவ நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த ஆய்வாளருக்கு மட்டுமே, பெயர் நீக்கிய விவரம் போகும். எந்த நிறுவனத்துக்கும் விற்க மாட்டோம். கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

இனிக் கணக்கு. வீடு வீடாகச் செல்லும் இரண்டு பெண் பணியாளர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுக்கு 7,20,000. கணினி, ஸ்கேனர், பூட்டுள்ள அலமாரி 90,000. பயணம் 96,000. மொத்தம் 9,06,000. இதுவரை கைக்கு வந்தது 3,40,000. மீதி 5,66,000 தேவை. குழுவில் யாரும் சம்பளம் வாங்கவில்லை. சம்பளத்துக்கா இவ்வளவு என்று ஒருவர் கேட்டார். இறந்தவரின் மனைவி எதிரில் உட்கார்ந்து, அவசரப்படாமல் கேட்டு எழுத ஆள் வேண்டும், இயந்திரம் அதைச் செய்யாது.

இந்தப் பணத்தால் இப்போது படுக்கையில் இருக்கும் எவருக்கும் மருந்து கிடைக்காது. அதற்கென்று கேட்பவர்களுக்கு முதலில் கொடுங்கள், எங்களுக்கு வருத்தமில்லை. கோவில் கொடைக்கு வரி பிரிப்பதுபோல வீட்டுக்கு இவ்வளவு என்று நாங்கள் விதிக்கவும் மாட்டோம். நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. ரசீதுப் புத்தகம் ஒவ்வோர் ஊரிலும் குழு உறுப்பினரிடம் இருக்கிறது. வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். தை மாதத்துக்குள் தொகை சேர்ந்தால் மாசியில் இந்தப் பணியாளர்களோடு பணி தொடங்கும்.

பையைக் காட்டச் சம்மதிக்கும் வீட்டாரிடம் நன்கொடை கேட்க மாட்டோம். ஸ்கேன் செய்ததும் காகிதங்களை வந்த வரிசையிலேயே பைக்குள் வைத்து, அதே ஆணியில் மாட்டிவிட்டு வருவோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்